நல்ல நேரத்துச் சிவப்பு

அந்தப் பொம்பளையைச் சித்தே வாயை மூடச் சொல்லு கண்ணு.

உன் போனுக்குள்ள இருந்து பேசறாளே, அவளைத்தான் சொல்றேன். "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்." அதே குரல். எங்க வீட்டுக் கார்லயும் இவதான் பேசுவா. இவ சொல்ற வழியே வேண்டாம்னுதான் காலங்காத்தால பக்கத்து வீட்டுப் புள்ளகிட்டச் சொல்லி வாடகைக் கார் வரவழைச்சேன். ஏறி உக்காந்தா இங்கயும் இவ.

சத்தத்தைக் கொறைச்சுட்டியா? போதும். படம் ஓடட்டும். நீ தொழில் பண்றவ, உனக்கு வேணும். ஆனா அது திரும்பச் சொன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திரும்பு.

ஒண்டிப்புதூருக்குத்தான். எம் பொண்ணு மேகலா வீடு அங்க. பேத்திக்கு இன்னிக்குக் காதுகுத்து. அவங்க தெருமுனைப் பிள்ளையார் கோயில்ல, பத்தரை மணிக்குள்ள நல்ல நேரம். நான் முன்னாடி போறேன். எம் பையன் பூபதியும் மருமக ஹேமாவும் சீர்த்தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு அவங்க கார்ல பின்னாடி வர்றாங்க. மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும். உன் பேரு ராபியான்னு பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுச் சொல்லுச்சு. உங்கள்ல இந்த மாமன் முறை உண்டோ என்னமோ. எங்கள்ல மாமன் வராம அந்தக் காதுல ஊசி படாது. கம்மல் மாமன் கொண்டு வரணும், மடி மாமன் குடுக்கணும். புள்ளையைப் பெத்தவனே பக்கத்துல இருந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

அதான் காலையில இருந்து பத்துத் தரம் மணி பார்த்துட்டேன். பூபதி நேரத்துக்கு வந்து சேருவானா மாட்டானா.

ஏன் வரமாட்டான்னு கேக்கறியா? அவனுக்கு ஒண்ணும் இல்ல. அவன் தங்கம். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரு சண்டை கெடையாது, ஒரு சச்சரவு கெடையாது. வழிதான் பிரச்சனை. அந்த வழி யார் கையில இருக்குதுங்கறதுதான் பிரச்சனை.

நான் யாரையும் சந்தேகப்படறவ இல்ல. அந்த மருதமலையானுக்குத் தெரியும். காலையில விளக்கேத்தினா மொதல்ல எம் மருமக பேரைச் சொல்லித்தான் கும்பிடறேன். அவளுக்கு நல்ல புத்தியைக் குடு முருகான்னு. நீ மாமியார் கூட இருக்கியா? தனியாவா? ம். சரி, அது உங்க வீட்டு விசயம்.

போன ஆவணியில எம் பையன் கார் வாங்கினான். மருதமலை அடிவாரத்துல பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, மொதல்ல என்னைத்தான் ஏத்தினான். பின்சீட்டுல. முன்னாடி ஹேமா. அவ கையில போன். கார்ல ஒரு கண்ணாடி பதிச்சிருக்குது, அவ போன்ல என்ன அமுக்கறாளோ அது அந்தக் கண்ணாடியில தெரியும். ஊரே கோடு கோடா ஓடுது.

"ஏன்டா பூபதி, இது ஏன் நீலமா இருக்குது?"ன்னு கேட்டேன்.

"ரோடு காலியா இருந்தா நீலம்மா. வண்டி நெருக்கமா நின்னா சிவப்பாயிரும்"னான்.

"எப்ப நின்னது?"

"இப்ப. இந்த நிமிஷம் நிக்கறது."

நீயே சொல்லு கண்ணு. இந்த நிமிஷம் ஒண்டிப்புதூர்ல என்ன நடக்குதுன்னு வடவள்ளியில இருக்கற கண்ணாடிக்கு எப்படித் தெரியும்? சாமிக்குத் தெரியும், சரி. சாமி அதைக் கலர் அடிச்சா காட்டுது? எனக்கு அன்னிக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. சொல்லிக்கல.

அடுத்த ஞாயித்துக்கிழமை மேகலா வீட்டுக்குக் கிளம்பினோம். நான் காலண்டர் பார்க்காமக் கிளம்பறவ இல்ல. நல்ல நாளா, வளர்பிறையா, முகூர்த்தமான்னு பார்ப்பேன். அதுக்குள்ள நல்ல நேரம் எப்பன்னு பார்ப்பேன். பொண்ணு வீட்டுக்குப் போறது சும்மாவா? அன்னிக்குப் பெரிய முகூர்த்தம். நல்ல நேரம் ஆரம்பிச்சதும் வண்டியை எடுத்தோம். லாலி ரோடு கூடத் தாண்டல, கண்ணாடி பூரா குங்குமம் கொட்டின மாதிரி ஆயிருச்சு. திருச்சி ரோடு மொத்தமும் சிவப்பு.

"அம்மா, ஒண்ணே கால் மணி நேரமாகும்னு காட்டுது. இன்னொரு நாள் போலாமே"ன்னான்.

அவ அந்தப் போனையே பார்த்துக்கிட்டு இருக்கா. 

சரி, முருகன் கூப்பிடறார் போலன்னு வண்டியைத் திருப்பி மலைக்குப் போயிட்டு வந்துட்டோம். அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பினோம், சிவப்பு. அதுக்கு அடுத்த முகூர்த்தம், சிவப்பு. சாயங்காலம் ராகு காலம் வர்றதுக்கு முன்னால கிளம்பிரலாம்னு பார்த்தேன், அன்னிக்கும் சிவப்பு. தீவாளிக்கு முந்தின ஞாயிறு கேக்கவே வேண்டாம். நான் எப்பக் கிளம்பினாலும், சொல்லி வெச்ச மாதிரி, எம் பொண்ணு வீட்டு ரோடு மட்டும் சிவப்பா இருக்குது. மலைக்குப் போற ரோடு நீலம். அவ அம்மா வீடு தொண்டாமுத்தூர், அந்த ரோடும் நீலம். சந்தேகம் வராதா?

சந்தேகம்னு சொல்லக்கூடாது. யோசனை. யோசனை வராதா?

ஒரு நாள் கார்ல இருந்தபடியே மேகலாவுக்குப் போன் போட்டேன். "கண்ணு, உங்க தெருவுல வண்டி நெறைய நிக்குதா?"ன்னு கேட்டேன். அவ சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு, "ஒரு நாய் படுத்திருக்குதும்மா, வேற ஒண்ணும் இல்ல. ஏன் கேக்கறீங்க?"ங்கறா. பார்த்தியா? அங்க ஒரு நாய். இங்க கண்ணாடியில சிவப்பு. நான் முன்சீட்டைப் பார்த்தேன். அவ தலையைத் திருப்பவே இல்ல.

அப்புறம் நானே மனசு பொறுக்காம, தன்மையாத்தான், அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் ஹேமா, இந்தக் கலரை யாரு போடறாங்க?"

"யாரும் போடறதில்லைங்க அத்தை. ரோட்டுல போறவங்க எல்லார் கையிலயும் போன் இருக்குதில்ல? அந்தப் போன் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு அதுவே அங்க சொல்லுது. நூறு போன் ஒரே இடத்துல நகராம இருந்தா வண்டி நிக்குதுன்னு அர்த்தம்."

"அப்ப என் போனும் சொல்லுதா?"

"ஆமாங்க அத்தை, சொல்லும்."

"நான் எங்க இருக்கேன்னா?"

"பேரெல்லாம் சொல்லாதுங்க அத்தை. சும்மா ஒரு வண்டின்னு."

பேரைச் சொல்லாதாம். எனக்கு அன்னிக்கு ராத்திரி கண்ணே மூடல. நான் கோயில்ல எத்தனை நேரம் நின்னேன், பக்கத்து வீட்டுல எத்தனை நேரம் இருந்தேன், எல்லாம் இவ உக்காந்த எடத்துல இருந்து பார்த்துக்கிட்டு இருக்கா போலன்னு நெனச்சேன். மறுநாள்ல இருந்து வெளிய கிளம்பினா போனைத் துண்டுல சுத்தி, சின்ன எவர்சில்வர் தூக்குப்போசியில போட்டு, மூடியை இறுக்கி, பைக்குள்ள வெச்சுக்குவேன். சிரிக்காதே. ஒரு நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல். மேகலா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கா, போனே வரல. "எம் பொண்ணு கூப்பிட்டா வராத மாதிரி ஹேமா என்னமோ பண்ணி வெச்சிருக்கா"ன்னு பூபதிகிட்டச் சொன்னேன். அவன் போன் எங்கன்னு கேட்டு, போசியைத் திறந்து பார்த்து, தலையில கையை வெச்சுக்கிட்டான்.

அதை விடு.

அவ ஒரு நாள் சொன்னா பாரு ஒரு வார்த்தை, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "அத்தை, நல்ல நேரத்துல கோயமுத்தூரே கிளம்புது. எல்லாக் கல்யாண மண்டபமும் அந்த ரோட்டுலதான் இருக்குது. பேசாம ஒரு நாள் எமகண்டத்துல கிளம்பலாங்க. ரோடு வெறிச்சுனு நீலமா இருக்கும், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிரலாம்."

எமகண்டத்துல! எம் பொண்ணு வீட்டுக்கு! சொல்றவளுக்கு நாக்கு எப்படித் திரும்புச்சு? நான் ஒண்ணும் திட்டல. எந்திரிச்சுப் போயி விபூதியை எடுத்து அவ நெத்தியில வெச்சு விட்டேன். அவ்வளவுதான் நான்.

என்ன, இங்க திரும்பணுமா? நேரா போனா என்ன? சிவப்பா இருக்குதா... சுங்கம் பைபாஸ்ல குளத்தை ஒட்டிப் போயிரலாமா? சரி, உனக்கென்ன, எம் பொண்ணு மேல உனக்கென்ன பகை. நீ சொன்னா நம்பறேன். திரும்பு. அடேயப்பா, அந்தப் பக்கம் பாரு, பூ கட்டின காரா நிக்குது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கற மாதிரி. இன்னிக்கு முகூர்த்தமில்ல, எல்லாரும் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பியிருக்காங்க. நல்லதுதான்.

எங்க விட்டேன்? ஆமா. நான் சும்மா ஒருத்தி மேல பழி போடறவ இல்ல. அதனால நானே பரீட்சை பண்ணிப் பார்த்தேன். ஒரு முகூர்த்த நாள், இவங்க சிவப்புன்னு சொல்லி வண்டியை எடுக்கல. நான் கோயிலுக்குப் போறேன்னுட்டு டவுன் பஸ் ஏறிட்டேன், ஒண்டிப்புதூருக்கு. சிவப்பு நிசமா பொய்யா, கண்ணால பார்த்துரலாம்னு. பஸ் சுங்கத்துல நின்னுச்சு. ராமநாதபுரத்துல நின்னுச்சு. கண்டக்டர் எறங்கி டீ குடிச்சுட்டு வந்து ஏறினார். நான் போயிச் சேரும்போது மேகலா சோறாக்கி முடிச்சிருந்தா. அதுக்கென்ன இப்ப? ஒரு நாள் பஸ் நிக்கும். டவுன் பஸ்ஸுன்னா நிக்காதா? அதை வெச்சு, அவ காட்டற சிவப்பெல்லாம் நிசம்னு ஆயிருமா?

அப்படித்தான்னு சொல்றியா? நீயும் அவளாட்டமே பேசறே.

சரி, சிவப்பை விடு. நீலத்துக்கு என்ன சொல்றே? மார்கழி வந்துச்சு. மார்கழியில கல்யாணம் காட்சி கெடையாதில்ல. அவளா வந்து, "அத்தை, இந்த மாசம் பூரா திருச்சி ரோடு நீலமா இருக்குதுங்க. போயி ஒரு எட்டு பாப்பாவைப் பார்த்துட்டு வந்துரலாம். நல்ல காரியமா பேசப் போறோம், பார்க்கத்தானே போறோம்"னா. எனக்குக் கூட மனசு எளகிருச்சு. சேலையெல்லாம் மாத்திக்கிட்டு வந்தேன். அவ போனை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டறா. "பாருங்க, முப்பத்தஞ்சு நிமிஷம்தான். முழுக்க நீலம்."

அவன் பார்த்தான். பார்த்துட்டு, "டயர்ல காத்து கம்மியா இருக்குது"ன்னான்.

"நேத்துத்தானே அடிச்சீங்க?"

"ஒரு பக்கம் இழுக்குது. இவ்வளவு தூரம் வேண்டாம்."

அவ அவனையே பார்த்தா. அவன் சாவியை ஆணியில மாட்டிட்டு உள்ள போயிட்டான். அவ சமையக்கட்டுக்குப் போயி, பாத்திரம் கழுவற மாதிரி நின்னுக்கிட்டு அழுதா. நான் பார்த்தேன். எனக்குப் புரிஞ்சு போச்சு. வாயில வாங்கன்னு சொல்றது, கண்ணால வேண்டாம்னு சைகை காட்டறது. இல்லாட்டி அவன் ஏன் வேண்டாங்கறான்? நீலமா இருக்கற ரோட்டுல போறதுக்கு அவனுக்கு என்ன கஷ்டம்? அழுகை வேற. என்ன நடிப்பு.

முருகா, நான் சொல்லக்கூடாது. சொல்ல வெச்சுட்டாங்க.

என்ன கண்ணு, என்னையே திரும்பிப் பார்க்கறே? ரோட்டைப் பாரு, பாரு.

இது எந்த எடம்? சிங்காநல்லூரா? அதுக்குள்ளயா? பரவாயில்லையே! நீ நல்லா ஓட்டறே கண்ணு. இந்த வழி எங்களுக்குத் தெரியாமப் போச்சு. நீலமா இருந்த பக்கமா வந்தேன்னு சொல்றியா? அது கெடக்குது, ஓட்டறது கையில இருக்குது.

அப்படி ஓரமா ஒரு நிமிஷம் நிறுத்துறியா? என் போன்ல ஒண்ணு பார்த்துச் சொல்லணும். இன்னிக்குப் போசியில போடல, காதுகுத்து நாளாச்சே. காலையில நான் தனியாப் போறேன்னதும் ஹேமா வந்து இதுல என்னமோ அமுக்கிக் குடுத்தா. "நாங்க எங்க வந்துக்கிட்டு இருக்கோம்னு நீங்களே பார்த்துக்கலாங்க அத்தை. புள்ளி நகர நகர நாங்க வர்றோம்னு அர்த்தம்"னா. என்னைப் பார்க்கறதுக்கு வெச்சாளோ, அவங்களை நான் பார்க்கறதுக்கு வெச்சாளோ. எனக்குப் படிக்கத் தெரியும், எட்டாவது வரைக்கும் போயிருக்கேன். ஆனா இந்தப் புள்ளியெல்லாம் புரியல. எங்க நிக்குது?

லாலி ரோட்டுக்குப் பக்கத்துலயா? இன்னுமா? நாம தாண்டி எத்தனை நேரமாச்சு! நல்லாப் பாரு. பெட்ரோல் பங்க்கா... பெட்ரோல் போடறாங்களோ? இவ்வளவு நேரமா? அங்க சிவப்பா இருக்குதா?

நீலமா?

முழுக்க நீலமா. சுங்கம் வரைக்கும். ம்.

பார்த்தியா, நான் சொல்லல? என்னமோ பண்ணி அவனை அங்க நிறுத்தி வெச்சிருக்கா. ஆசாரி வந்து உக்காந்திருப்பார். சம்பந்தி வீட்டு சனம் பூரா கோயில்ல நிக்கும். பாப்பாவைக் குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை கட்டியிருப்பாங்க. மாமன் எங்க, மாமன் எங்கன்னு மேகலா வாசலைப் பார்த்துக்கிட்டு நிப்பா. போன் போடு கண்ணு. அவளுக்கே போடு. சத்தமா வெய்யி, நீயும் கேளு, நான் பொய் சொல்றேனான்னு.

ஹேமா, எங்க இருக்கீங்க? எதுக்கு நிக்கறீங்க? ...என்ன? நீ போங்க போங்கன்னு சொல்லியும் அவன் வண்டியை எடுக்க மாட்டேங்கறானா? சரி, அழாதே. அழாமப் பேசு. அவன்கிட்டக் குடு.

பூபதி? டேய், நேரமாகுதுடா. நீலமாத்தான் இருக்குதாமா, இந்தப் புள்ள பார்த்துச் சொல்லுது. ...என்ன சொல்றே? என்னடா சொல்றே?

கேட்டியா கண்ணு? வெச்சுட்டான். கேட்டியா என்ன சொன்னான்னு? "மூத்த மகன் அங்கயேதான் இருக்காரே, அவரு மடியில உக்கார வெச்சுக் குத்துங்க. நான் எதுக்கு?"ங்கறான். மூத்த மகனாம். எனக்கு ஏது மூத்த மகன்? இவன் ஒருத்தன்தான் எனக்குப் பையன்.

ஓ. அதுவா.

அது ஒரு சின்னப் பேச்சு. போன வைகாசியில மேகலா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினா. மாப்பிள்ளை தினகரன் ஓடி ஓடி வேலை பார்த்தார். வந்தவங்களைக் கும்பிட்டு, உக்கார வெச்சு, அவ்வளவு பாந்தமா. பந்தியில என் பக்கத்துல சம்பந்தியம்மா. நான் சந்தோசத்துல, நாலு பேருக்குக் கேக்கற மாதிரிதான், "எனக்கு மூத்த மகன்னா தினகரன்தான். பெத்தது பேருக்குத்தான். பொறுப்புன்னா என்னன்னு எம் பையன் இவர்கிட்டத்தான் கத்துக்கணும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மாப்பிள்ளைக்கு மூஞ்சியெல்லாம் மலர்ந்து போச்சு. ஒரு நல்ல வார்த்தை. சம்பந்தி வீட்டுல நம்ம பொண்ணுக்கு மதிப்பு வரட்டும்னு சொன்னது.

பூபதியா? அவன் அங்கதான் இருந்தான். அந்தப் பந்திக்கு அவன்தான் பாயசம் ஊத்திக்கிட்டு வந்தான். முதல் நாளே போயி பந்தல், வாழை மரம், தண்ணி லாரி எல்லாம் அவன்தான் பார்த்தான், அது அண்ணன் கடமைதானே. என் எலைக்கிட்ட வந்தவன் வாளியைக் கீழ வெச்சான். கையைக் கழுவினான். போயிட்டான். என்னமோ வேலை வந்துருச்சுன்னு நெனச்சேன். சாப்பிடாமப் போனதை அப்புறம்தான் யாரோ சொன்னாங்க.

அதைப் போயி இத்தனை மாசம் மனசுல வெச்சுக்கிட்டு... இல்ல கண்ணு. இது அவன் மனசு இல்ல. அவன் சூதுவாது தெரியாதவன். யாரோ இதை ஊதி ஊதிப் பெருசாக்கி இருக்காங்க. பக்கத்துலயே உக்காந்து கேட்டு, வீட்டுக்குப் போயி, உங்கம்மா இப்படிச் சொன்னாங்களே, உங்கம்மா இப்படிச் சொன்னாங்களேன்னு...

என்ன கேட்டே?

ஹேமா அன்னிக்கு எங்க உக்காந்திருந்தாளா?

ஹேமா... ஹேமா வரல. அவ அக்காவுக்குப் பிரசவம்னு ஆஸ்பத்திரியில இருந்தா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தா. "விசேசம் நல்லபடியா நடந்துச்சாங்க அத்தை, இவரைக் கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார்"னு எங்கிட்டத்தான் வந்து கேட்டா.

...

அந்தத் தண்ணி பாட்டிலைக் குடு கண்ணு.

மேகலா கூப்பிடறா. இரு, பேசறேன். ஏன் கண்ணு? சிங்காநல்லூர்ல இருக்கேன். ஆமா, பக்கத்துலதான். ஆசாரி அவசரப்படறாரா? மணி பத்தாச்சா? உன் பெரியப்பா பையன் மடியில வெச்சுரலாம்னு யாரு சொல்றது, மாப்பிள்ளையா, உன் மாமியாரா? யாரு சொன்னாலும் வேண்டாம். மாமன் வரட்டும். எனக்குத் தெரியும், நேரம் போயிரும், போகட்டும். போகட்டும்னு சொல்றேன். எமகண்டமே வந்தாலும் சரி, எம் பையன் மடியில வெச்சுத்தான் எம் பேத்திக்குக் காது குத்தணும். நான்தான்டி பேசறேன், உங்கம்மாதான். மூஞ்சியைப் பார்த்தாத்தான் நம்புவியா? ஆசாரிக்குக் காபி குடு. எல்லாருக்கும் இன்னொரு தரம் காபி குடு. வெய்யி.

வண்டியைத் திருப்பு ராபியா.

ஒண்டிப்புதூர் அஞ்சே நிமிஷம்தான், தெரியுது. திருப்பு. எங்க போகணும்னு மாத்தணுமா? மாத்திக்க. அந்தப் புள்ளி எங்க நிக்குதோ அங்க. அந்தப் பொம்பளையையும் பேச விடு, தப்பா ஒண்ணும் சொல்லிறப் போறதில்ல. எந்தப் பக்கம் சீக்கிரம் போகுமோ அந்தப் பக்கம் போ. எங்கிட்டக் கேக்காதே. எனக்கு என்ன தெரியும்.

ரோடு எப்படிக் காலியாக் கெடக்குது பாரு. இவ்வளவு நேரம் நின்ன காரெல்லாம் எங்க போச்சு? எல்லாரும் மண்டபத்துக்குள்ள போயிட்டாங்களா? நல்ல நேரம் முடியற நேரம்... ம். ஹேமா அப்பவே சொன்னா.

முருகா. முருகா. முருகா.

 உனக்கும் காது வலிச்சிருக்கும். அவன்கிட்ட என்ன சொல்றதுன்னு பார்க்கறேன். இத்தனை நேரம் இவ்வளவு பேசினேனில்ல, இப்ப ஒண்ணும் வர மாட்டேங்குது. விளையாட்டாச் சொன்னேன்னு சொன்னா, யாரை வெச்சு விளையாடினேம்பான். சந்தோசத்துல சொன்னேன்னு சொன்னா இன்னும் மோசம். நீ உங்கம்மாகிட்டக் கோவிச்சிருக்கியா? என்ன சொன்னா எறங்கி வருவே? ஒண்ணும் சொல்ல வேண்டாமா? வந்தாப் போதுமா?

வந்தாப் போதும்னா சரி. வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

அதோ. காத்தடிக்கற எடத்துக்குப் பக்கத்துல, வெள்ளைக் கார். ஹேமா வெளியில நிக்கறா பாரு. பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு, கம்மல் தட்டைக் கையில புடிச்சுக்கிட்டு, அந்த வெயில்ல. உள்ள உக்காரக்கூடாதா? தட்டைக் கீழ வெச்சாத்தான் என்ன? வெக்க மாட்டா. அவளுக்கும் வீம்பு.

இங்கயே நிறுத்து. கதவு எப்படித் திறக்கறது? சரி. நீ போயிராதே கண்ணு, உனக்குக் குடுக்க வேண்டியதை ஹேமா போட்டு விட்டுருவா. அவ கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கும். வேணும்னா நீயும் எங்க பின்னாடியே வா. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ.

டேய் பூபதி. கண்ணாடியை எறக்கு.

எறக்குடா. அங்க எதுக்குப் போகாம இங்க வந்தீங்கன்னா கேக்கறே? அங்க எனக்கு மாப்பிள்ளை இருக்காரு. மகன் இங்க நின்னுக்கிட்டு இருந்தான். அதான் இங்க வந்தேன்.

அப்படிப் பார்க்காதே. அழுதுருவேன். நாலு பேரு பெட்ரோல் போட நிக்கறாங்க.

ஹேமா, அந்தத் தட்டோட நீ பின்னாடி ஏறு. நான் முன்னாடி உக்கார்றேன். அந்தப் போனை எங்கிட்டக் குடு. ஆமா, நானே பார்த்துச் சொல்றேன், எது சிவப்பு எது நீலம்னு எனக்குத் தெரியாதா? எதை அமுக்கணும்னு மட்டும் சொல்லு. இதா? இதுல நாம எங்க இருக்கோம்? இந்தப் புள்ளியா? மூணு பேரும் இதுக்குள்ளயா? அசையாம அப்படியே நிக்குதே.

எடுடா வண்டியை.